எந்த ஈயம்?

(தாம்பரத்தில் நடைபெற்ற தமிழன்பர் திங்கட்கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று எனக்கு அளிக்கப்பட்டுள்ள தலைப்பு 'அடுக்களை ஏனங்கள்' என்பது. தமிழாசிரியன் ஒருவனை மேடையேற்றிச் சட்டிபானைகளைப் பற்றிப் பேசச் சொல்வதா என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். உண்மையில் இத்தலைப்பைக் கேட்டு வாங்கிக் கொண்டவன் நானே. என் பெயர்த்தியின் குருதியில் நஞ்சு ஏறியதற்கு நான் கரணியமானேன். அதுவும் ஒரு சொல்லைச் சோம்பலாக ஆண்டதனால். சொல்லைக் காப்பதே என் பணி என்று முப்பதாண்டுகளாகப் பேசி வருகின்ற எனக்கு இதைவிடத் தலைக்குனிவு வேறில்லை. எனினும் இதை மறைப்பதால் எவர்க்கும் பயனில்லை. ஆகவே சொல்லிவிடுகின்றேன்.

மிளகுச்சாறு வைக்கும் ஈயச்செம்பை அறியாதார் நம்மில் இலர். ('இரசம்' என்று சொல்லிப் பழகிவிட்டோம், 'சாறு' என்று சொன்னால் சுவை குறைந்துவிடாது.) ஈயச்செம்பில் கொதித்த சாற்றுக்குத் தனி மணம் உண்டென்பர். என் அன்னையார் அதனைக் கையாண்ட முறையை இன்றும் நினைவில் வைத்திருக்கின்றேன். புளிநீரை ஊற்றிய பிறகே செம்பை அடுப்பில் ஏற்றுவார்; வெறுஞ்செம்பைத் தீயின் பக்கமே கொண்டு செல்லமாட்டார். வெள்ளீயம் 232 பாகை செல்சியசு வெப்பத்தில் உருகிவிடும் என்பதை அவர் எந்தப் பள்ளியிலும் படித்ததில்லை. உள்ளே நீர் இருக்கும்வரை செம்பின் சூடு நூறு பாகையை ஒட்டியே நிற்கும் என்பதையும் எவரும் அவர்க்குச் சொல்லித் தரவில்லை. ஆனால் கை அறிந்திருந்தது.

என் மகள் மணமாகி அமெரிக்காவிற்குப் புறப்பட்டபோது, சீராக அவளுக்கு ஓர் ஈயச்செம்பு வாங்கிக் கொடுத்தேன். நான் போன கடையின் பெயர் இங்குத் தேவையில்லை. 'பாரம்பரியச் சமையற்கலங்கள்' என்று பலகை மாட்டிய கடைகள் இப்போது தெருவுக்குத் தெரு முளைத்துள்ளன, அவற்றுள் ஒன்று. "இது ஈயந்தானே?" என்று கேட்டேன். "கலப்பே இல்லாத ஈயம், ஐயா! கையில் தூக்கிப் பாருங்கள், கனமே சொல்லும்" என்றார் கடைக்காரர். தூக்கிப் பார்த்தேன், கனமாகத்தான் இருந்தது. மகிழ்ச்சியோடு வாங்கி வந்தேன்.

நியூயார்க்கு மாநிலத்தில் ஒவ்வொரு குழந்தையின் குருதியையும் ஓர் அகவையிலும் ஈரகவையிலும் காரீயத்திற்காக ஆய்ந்து பார்த்தல் சட்டப்படி கட்டாயம். என் பெயர்த்திக்கு ஓர் அகவை நிறைந்தபோது ஆய்ந்தார்கள். 100 மில்லி லிட்டர் குருதியில் 9 மைக்ரோகிராம் காரீயம் இருந்தது. ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமைப் பத்து இலக்கம் கூறாக்கினால் வரும் ஒரு கூறு. இவ்வளவு சிறியதா என்று தோன்றும். ஆனால் குருதியில் 5 மைக்ரோகிராம் காணப்பட்டாலே அது எங்கிருந்து வருகின்றது என்று தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என உலக நலவாழ்வு நிறுவனம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகின்றது. இந்த அளவுவரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் காரீயத்திற்கு இல்லை என்றும் அந்நிறுவனம் கூறுகின்றது.

நலத்துறை அலுவலர் ஒருவர் கையடக்கமான ஊடுகதிர்க் கருவியோடு என் மகள் வீட்டிற்கு வந்தார். சுவர்ப்பூச்சில் வைத்துப் பார்த்தார், சன்னலில் பார்த்தார், விளையாட்டுப் பொருள்களில் பார்த்தார். ஒன்றுமில்லை. கடைசியில் அடுக்களைக்குள் சென்று செம்பின்மேல் கருவியை வைத்தார். அன்றிரவு மகள் தொலைப்பேசியில் அழைத்தாள். "அப்பா, நீங்கள் வாங்கிக் கொடுத்த செம்பிலே பாதிக்குமேல் காரீயமாம். அதில் வைத்த சாற்றைத்தான் ஆறு திங்களாகச் சோற்றில் பிசைந்து குழந்தைக்கு ஊட்டினேன்" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்பர்களே, அந்தக் கடைக்காரர் என்னிடம் பொய் சொன்னாரா? நான் "ஈயமா?" என்று கேட்டேன், அவர் "ஈயம்" என்றார். காரீயமும் ஈயந்தான், வெள்ளீயமும் ஈயந்தான். "எந்த ஈயம்?" என்று நான் கேட்கவில்லை. கருமையான ஈயம் காரீயம், வெண்மையான ஈயம் வெள்ளீயம் என்று பண்புத்தொகைக்கு எடுத்துக்காட்டாகக் கரும்பலகையில் எழுதிக் காட்டியவன் நான். அந்தப் பண்பை வகுப்பறையிலேயே விட்டுவிட்டுத் தொகையை மட்டும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போயிருக்கின்றேன்!

ஆங்கிலத்தில் இவ்விரு மாழைகளுக்கும் ஒன்றோடொன்று உறவில்லாத இரு பெயர்கள் உண்டு. ஆகவே ஆங்கிலேயன் இப்பிழையைச் செய்ய வழியில்லை. இதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. ஏனெனில் நம் மொழியிலும் தெளிவான இரு பெயர்கள் இருக்கவே செய்கின்றன. நாம்தாம் முன்னொட்டைத் தின்றுவிட்டோம். தின்றதோடு நிற்கவில்லை, மூன்றாவது மாழை ஒன்றையும் அதே பெயருக்குள் திணித்தோம். அலுமினியச் சட்டியை ஊர்ப்புறங்களில் எப்படிச் சொல்கின்றார்கள்? 'ஈயச்சட்டி', 'ஈயப்பானை' என்றுதானே! மூன்று மாழைகள், ஒரே சொல். ஒன்று மூளையைக் கெடுக்கும் நஞ்சு. ஒன்று உணவுக்கு ஏற்றது. ஒன்று எடைகுறைந்த இடைநிலைச் சரக்கு. தாய் "ஈயச்சட்டியை எடுத்துவா" என்றால் மகள் எதை எடுத்து வருவாள்?

நம் முன்னோர்க்கு இம்மயக்கம் இருந்ததாகத் தெரியவில்லை. நாம் கூடியிருக்கும் இவ்விடத்திற்கு மிக அருகில் உள்ளது பல்லாவரம். மறைமலையடிகளார் வாழ்ந்த ஊர் என்பதால் நமக்கு அது திருவூர். அவ்வூருக்கு இன்னும் பழைய பெருமைகளும் உண்டு. இந்திய மண்ணில் பழங்கற்காலக் கருவி முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது அங்கேதான், கண்டவர் புரூசு பூட்டு, ஆண்டு 1863. அதே பல்லாவரத்தில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அலெக்சாண்டர் இரீ என்னும் தொல்பொருள் அறிஞர் சுடுமண்ணால் ஆன ஈமப்பேழைகளைத் தோண்டியெடுத்தார். பின்னர் ஆதிச்சநல்லூரை விரிவாக அகழ்ந்தவரும் அவரே. அங்குக் கிடைத்த வெண்கலக் கலங்களை அண்மைக் காலத்து மாழையியல் வல்லுநர்கள் ஆய்ந்தனர். சில கலங்களில் வெள்ளீயம் ஏறத்தாழ 23 விழுக்காடு கலந்திருப்பதைக் கண்டனர். அந்த அளவில் செம்போடு வெள்ளீயம் சேர்ந்தால், செந்தழலில் காய்ச்சிச் சுத்தியால் அடித்து மெல்லிய கிண்ணமாக்க முடியும். தட்டினால் மணியோசை எழும். வெள்ளீயத்திற்கு மாறாகக் காரீயத்தை அத்துணை சேர்த்திருந்தால், அடிக்கும்போதே கலம் பிளந்திருக்கும். எந்த ஈயம் என்று அறியாத கம்மியன் அக்கலத்தைச் செய்திருக்க முடியாது.

காரீயம் உடலுக்குள் என்ன செய்கின்றது என்பதைச் சுருங்கச் சொல்கின்றேன். நான் மருத்துவன் அல்லன். உடல் அதனைச் சுண்ணம் என்று எண்ணி ஏமாறுகின்றது. குருதியில் சில கிழமைகள் சுற்றுகின்றது. பின்னர் எலும்பில் சென்று பல்லாண்டுகள் தங்குகின்றது. தாய் கருவுற்றிருக்கும்போது எலும்பிலிருந்து சுண்ணம் கரையுமானால் காரீயமும் கூடவே கரைந்து குழந்தையைச் சேர்கின்றது. உண்ட காரீயத்தில் பெரியோர் உடல் ஏற்பதைப் போல நான்கைந்து மடங்கு பங்கைக் குழந்தையின் உடல் ஏற்கின்றது. குழந்தை நோயாளி போலவும் தோன்றாது. படிப்பில் கவனம் நில்லாமை, நினைவாற்றல் குறைவு, முரட்டுத்தனம் — இவையே வெளித்தெரியும் அடையாளங்கள். நாம் என்ன செய்கின்றோம்? "மக்கு" என்று சொல்லிக் கடைசி வரிசையில் உட்கார வைக்கின்றோம். என் முப்பதாண்டுப் பணியில் நான் அவ்வாறு உட்கார வைத்தவர்களுள் எத்தனை பேர் வீட்டுச் சட்டியில் இக்குற்றம் இருந்ததோ!

இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. யுனிசெப்பு நிறுவனமும் பியூர் எர்த்து என்னும் அமைப்பும் 2020-இல் வெளியிட்ட அறிக்கையில், உலகில் மூன்று குழந்தைகளுக்கு ஒன்று என்ற கணக்கில் 80 கோடிக் குழந்தைகள் வரை குருதியில் 5 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் காரீயம் உடையவர் என மதிப்பிட்டன. அவர்களுள் ஏறத்தாழ 27.5 கோடிப் பேர் இந்தியக் குழந்தைகள். பெட்ரோலில் காரீயம் சேர்ப்பதை உலகம் நிறுத்திவிட்ட பிறகும் இந்நிலை ஏன்? விடை தேடி அதே பியூர் எர்த்து அமைப்பு 25 நாடுகளின் கடைத்தெருக்களில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பொருள்களை வாங்கி ஆய்ந்தது. தமிழ்நாட்டுக் கடைத்தெருக்களும் அவற்றுள் அடங்கும். மாழையால் ஆன உணவுக் கலங்களில் 52 விழுக்காடும், மெருகிட்ட மட்கலங்களில் 45 விழுக்காடும் ஒப்பத்தக்க அளவைத் தாண்டியிருந்தன. விளையாட்டுப் பொருள்களில்கூட 13 விழுக்காடுதான். குழந்தை கையிலெடுத்து விளையாடும் பொம்மையைவிடத் தாய் சோறாக்கும் சட்டி கொடியதாகிவிட்டது என்பதை எண்ணிப் பாருங்கள்.

இந்தக் கணக்கில் பெரும்பங்கு அலுமினியத்தைச் சாரும். அலுமினிய ஏனம் நம் நாட்டிற்கு வந்த வழியே சென்னை வழிதான். இன்று எழும்பூருக்கு அருகில் கவின்கலைக் கல்லூரியாக விளங்குவது அன்று கலைத்தொழிற் பள்ளி. அங்குப் பொறுப்பிலிருந்த ஆல்பிரடு சேட்டர்டன் என்னும் ஆங்கிலேயர் 1898-இல் அலுமினிய ஏனங்கள் செய்யும் தொழிலைத் தொடங்கினார். 1903-இல் அது தனியார் குழுமம் ஒன்றிடம் ஒப்படைக்கப்பட்டது. பித்தளைக்கு ஈயம் பூச வேண்டும், இதற்கு வேண்டா, எடையும் குறைவு, விலையும் குறைவு. பரவியதில் வியப்பில்லை. (குரோமியத்தால் தோல் பதனிடும் முறையைச் சென்னையில் புகுத்தியவரும் அவரே. நம் குரோம்பேட்டை, குரோமியத் தோல் தொழிற்சாலை ஒன்றால் பெயர் பெற்ற ஊர். மாழையின் பெயரைத் தாங்கிய ஊரில் மளிகை வாங்குகின்றோம். வாங்கும் ஏனம் என்ன மாழை என்று கேட்பதில்லை!)

தூய அலுமினியத்தைப் பற்றி நம்மவர் பலவாறு அச்சுறுத்துகின்றனர். மறதிநோய் வரும் என்பதற்கு உறுதியான சான்று இதுவரை இல்லை. சிறுநீரகம் பழுதுற்றோர்க்கு மட்டும் அது உடலில் தேங்கிக் கேடு செய்யும். மற்றவர்கள் புளியும் தக்காளியும் மோரும் அதில் கொதிக்கவும் ஊறவும் விடாமல் பார்த்துக்கொண்டால் போதும். சிக்கல் அலுமினியத்தில் இல்லை. அலுமினியம் என்ற பெயரில் வருவதில் இருக்கின்றது. சிறு பட்டறைகளில் பழைய வண்டிப் பொறிகளின் உடைசல், கம்பி, பற்றாசு ஒட்டிய துண்டுகள் எல்லாவற்றையும் ஒரே உலையில் உருக்கி வார்க்கின்றார்கள். எதிலிருந்து எது வந்தது என்பது உருக்கியவர்க்கே தெரியாது. நம் வீடுகளில் 'இண்டாலியம்' என்றும் வடபுலத்தில் 'இண்டாலியம்', 'கிண்டாலியம்' என்றும் வழங்கும் கனத்த வார்ப்புச் சட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். அலுமினியத்தோடு பிற மாழைகள் சேர்ந்த கலவை அது. அத்தகைய கலவையாலும் அலுமினியத்தாலும் பித்தளையாலும் ஆன, வெளிநாடுகளிலிருந்து வரும் சில ஏனங்களிலிருந்து காரீயம் உணவில் இறங்குகின்றது என்று அமெரிக்க உணவு மருந்து ஆளுகை 2025 ஆகசுட்டுத் திங்களில் வெளிப்படையாக எச்சரித்தது. விற்காதீர், பயன்படுத்தாதீர் என்றது. முதலில் பெயர் சுட்டப்பெற்ற ஏனம் இந்தியாவில் செய்யப்பட்டது.

நம் நாட்டில் சட்டம் இல்லையா என்றால், உண்டு. 1955-இல் வகுக்கப்பட்ட உணவுக் கலப்படத் தடுப்பு நெறிகளே, துருவேறிய கலம், ஈயம் சரிவரப் பூசாத செம்பு பித்தளைக் கலம், உரிய கலவையளவுக்கு ஒவ்வாத அலுமினியக் கலம் ஆகியவற்றில் உணவு செய்து விற்பதைத் தடுத்தன. 2024-இல் ஒன்றிய அரசு துருவேறா எஃகு ஏனங்களுக்கும் அலுமினிய ஏனங்களுக்கும் தரமுத்திரையைக் கட்டாயமாக்கி ஆணை பிறப்பித்தது. ஏட்டில் எல்லாம் இருக்கின்றது. நடைபாதையில் எடைக்கு எடை விற்கும் சட்டியின் அடியைத் திருப்பிப் பார்த்து முத்திரை தேடுவோர் எத்தனை பேர்?

இனிச் செம்பும் பித்தளையும். பழையன எல்லாம் நல்லன என்று மேடைதோறும் முழங்குவது நமக்கு எளிது, நானும் முழங்கியவன். ஆனால் ஒரு செய்தியை இங்குச் சொல்லியே ஆக வேண்டும். ஒருகாலத்தில் இந்தியக் குழந்தைகளுக்கே பெரிதும் வந்த கல்லீரல் சுருக்கநோய் ஒன்று இருந்தது. பிறந்து ஓரிரண்டு ஆண்டுகளில் குழந்தைகளைக் கொண்டுபோயிற்று. புனே நகரில் ஆய்ந்த மருத்துவர்கள், செம்பு பித்தளைக் கலங்களில் காய்ச்சியும் வைத்திருந்தும் ஊட்டிய விலங்குப் பாலே அதற்குக் கரணியமாகலாம் என்று 1983-இல் இலான்செட்டு மருத்துவ இதழில் எழுதினர். அக்கலங்கள் அடுப்படியை விட்டு நீங்க நீங்க அந்நோயும் அருகிப் போயிற்று. ஆகவே பாட்டியின் பித்தளைத் தவலை என்று கொண்டாடிக் குழந்தைக்குப் பால் காய்ச்சிவிடாதீர்கள். ஈயம் பூசாத பித்தளையில் புளி பட்டால் களிம்பேறும் என்று அந்தப் பாட்டியே அறிவார். நாம் தவலையை மட்டும் மதித்து அவர் சொல்லை விட்டுவிட்டோம்.

ஈயம் பூசுவோர் நம் தெருக்களில் வந்த காலம் உங்களுக்கு நினைவிருக்கும். துருத்தியை ஊதி, கலத்தைக் காய்ச்சி, நவச்சாரத் தூளைத் தூவி, ஈயத்தைத் தொட்டுப் பஞ்சால் ஒரு சுழற்று சுழற்றுவார். கண்முன்னே கலம் வெள்ளியாய் மாறும். இன்றும் தேடினால் அத்தொழிலாளர் கிடைக்கின்றனர். ஆனால் வெள்ளீயத்தின் விலை காரீயத்தின் விலையைப் போல் பத்து மடங்கிற்கும் மேல். கலப்படத்தின் வேரே இங்குதான் இருக்கின்றது. தெருத்தொழிலாளி ஏமாற்றுகின்றார் என்று நான் சொல்லவில்லை. அவர்க்கு விற்ற கட்டியிலேயே கலப்பு இருக்கலாம். மாழைகளை ஒட்டும் பற்றாசுக் கம்பியில் பலவும் வெள்ளீயமும் காரீயமும் சேர்ந்தவை. ஆகவே பூச்சுக்கு வேண்டிய வெள்ளீயத்தைத் தூய்மைச் சான்றோடு நீங்களே வாங்கிக் கொடுங்கள். 'வெள்ளீயம்' என்று கேட்டு வாங்குங்கள். பற்றாசு வைத்து ஓட்டை அடைத்த பழைய கலத்தில் சமைக்கவே வேண்டா.

"அப்படியானால் எதில்தான் சமைப்பது?" என்று தாய்மார்கள் கேட்பது காதில் விழுகின்றது. முதலில் இருப்புச்சட்டி. 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 அகவைவரை உள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினரும், ஐந்து அகவைக்கு உட்பட்ட குழந்தைகளில் 57.4 விழுக்காட்டினரும் குருதிச்சோகை உடையவர். இருப்புச்சட்டியில் குழம்பு கொதிக்கும்போது இரும்பு சிறிது உணவில் இறங்குகின்றது. அது நமக்கு வேண்டிய இரும்பே. இன்னொன்றும் உண்டு. உடலில் இரும்பு குறைந்த குழந்தை காரீயத்தை மிகுதியாக உறிஞ்சும். ஆகவே இருப்புச்சட்டி இருவகையில் காவல். சமைத்து முடித்ததும் வேறு கலத்திற்கு மாற்றிவிடுங்கள். இல்லையேல் குழம்பு கறுத்து இரும்புச் சுவை ஏறும். கழுவியதும் துடைத்து எண்ணெய் தடவி வையுங்கள். இதற்குமேல் அதற்கு வேறு பணிவிடை இல்லை.

மட்கலம் நன்று, ஆனால் மெருகும் வண்ணமும் பூசாத மட்கலம். கண்ணாடிபோல் பளபளக்கும் செம்மஞ்சள் மெருகு கண்டால் விலகுங்கள். காரீயம் மெருகுக்கு ஒளியூட்டும் பழஞ்சரக்கு. சேலத்துப் பக்கம் கடையும் மாக்கல் சட்டியும் நன்று. சோறு வடித்த கஞ்சியைச் சில நாள் ஊற்றி வைத்துப் பழக்கி, மெல்லிய தீயில் தொடங்கினால் தலைமுறைக்கும் உழைக்கும். புளிக்குழம்பிற்கு அதைவிட ஏற்ற கலத்தை நான் கண்டதில்லை. இறக்கி வைத்த பின்னும் கால் மணி நேரம் கொதித்துக்கொண்டிருக்கும். அதனை எண்ணித் தீயை முன்னதாகவே அணைப்பது கைவந்தவர் வழக்கம்.

'எவர்சில்வர்' என்று நாம் சொல்லும் துருவேறா எஃகில் வெள்ளி ஒரு பொட்டும் இல்லை. இரும்போடு குரோமியம் 18 விழுக்காடும் நிக்கல் 8 விழுக்காடும் சேர்ந்தது நல்வகை. கடையில் 304 என்ற எண்ணைக் கேட்டு வாங்கலாம். புளிப்பு, மோர், ஊறுகாய், குழந்தைக்குப் பால் எல்லாவற்றிற்கும் அது ஏற்றது. சிலர் காந்தத்தை வைத்துப் பார்த்து, ஒட்டினால் கெட்டது என்கின்றனர். காந்தம் ஒட்டும் நல்ல எஃகும் உண்டு. அது நஞ்சறியும் ஆய்வு அன்று. வெள்ளைக்காரன் கண்டுபிடித்த மாழையாயிற்றே என்று எவரேனும் கேட்பீராயின், என் பெயர்த்தி இப்போது அதில்தான் உண்கின்றாள் என்பதே என் விடை.

ஒட்டாச்சட்டியைப் பற்றி மிகுதியாகச் சொல்ல ஒன்றுமில்லை. வெறுஞ்சட்டியைப் பெருந்தீயில் வைத்துவிட்டு மறந்தால் பூச்சு சிதைந்து தீய புகை எழும். வீட்டில் கூண்டுப்பறவை இருந்தால் முதலில் அது சாகும். பூச்சு உரிந்ததும் தூக்கியெறியுங்கள். பழகிய தோசைக்கல் இருக்கும் வீட்டிற்கு அது எதற்கு என்பது என் எண்ணம்.

இனி, வீட்டிலுள்ள ஈயச்செம்பு எந்த ஈயம் என்று எப்படி அறிவது? நானும் முயன்று பார்த்த ஒரு வழியைச் சொல்கின்றேன். செம்பை எடை போடுங்கள். பிறகு விளிம்புவரை நீர் நிரம்பிய குண்டானுக்குள் செம்பை முழுதும் மூழ்கவிட்டு, வழியும் நீரைத் தாம்பாளத்தில் ஏந்தி அளந்து பாருங்கள். செம்புக்குள் காற்று தங்கக்கூடாது. ஒரு கிலோ வெள்ளீயம் 137 மில்லி லிட்டர் நீரை வழியச் செய்யும். ஒரு கிலோ காரீயம் 88 மில்லி லிட்டர்தான். "கனமே சொல்லும்" என்று கடைக்காரர் சொன்னது இதைத்தான் போலும்! கனம் உண்மையைச் சொல்லத்தான் செய்தது. எனக்குக் கேட்கத் தெரியவில்லை. வெள்ளைத்தாளில் அழுத்தித் தேய்த்தால் காரீயம் கரிக்கோல் போல் சாம்பற்கோடு இழுக்கும். ஆனால் கவனியுங்கள்! இவையெல்லாம் பெருங்கலப்பை மட்டுமே காட்டிக்கொடுக்கும். ஐந்தில் ஒரு பங்கு காரீயம் கலந்திருந்தால் நீரளவில் வேறுபாடு பத்து மில்லி லிட்டர்தான். நம் வீட்டு அளவுகோல்களில் அது பிடிபடாது. குழந்தையைக் கெடுக்க அதில் சிறு பங்கே மிகுதி. கட்டணம் பெற்று மாழையை ஆய்ந்து சான்றளிக்கும் ஆய்வகங்கள் சென்னையிலேயே உள்ளன. அங்கு ஆய்ந்த பிறகு ஈயச்செம்பை அடுப்பில் ஏற்றுங்கள். அதுவரை சாற்றை எஃகுக் கலத்தில் வையுங்கள். குழந்தையின் குருதியையும் மருத்துவரிடம் சொல்லி ஆய்ந்து பார்க்கலாம். நம் நாட்டில் நாம் கேட்டால்தான் செய்வார்கள்.

என் பெயர்த்திக்குச் செம்பை நிறுத்திய மூன்றாம் திங்களில் 9 என்பது 6 ஆயிற்று. ஓராண்டில் 3-க்கும் கீழ் வந்தது. மருந்து எதுவும் தரவில்லை. இரும்பும் சுண்ணமும் மிகுந்த உணவும், நஞ்சை நிறுத்தியதுமே. இப்போது மூன்றகவை. நன்றாகப் பேசுகின்றாள். எலும்பில் எவ்வளவு தங்கியிருக்கின்றது என்று எந்தக் கருவியும் எனக்குச் சொல்லவில்லை.

சென்ற கோடைவிடுமுறையில் மகளும் மருகரும் வந்தபோது அந்தச் செம்பையும் கொண்டுவந்து என்னிடமே கொடுத்துவிட்டனர். பழைய ஏனம் எடுப்பவர் ஒருவர் தெருவில் வந்தார். செம்பைக் கையில் வாங்கி எடைபார்த்துவிட்டு, "நல்ல ஈயம் ஐயா" என்று கிலோவுக்கு ஒரு விலை சொன்னார். அவரும் அதே சொல்லைத்தான் சொன்னார்! நான் கொடுக்கவில்லை. கொடுத்தால் அது எந்த உலைக்குப் போய், எவர் வீட்டுச் சட்டியாகத் திரும்பி வருமோ! பள்ளியில் என் நிலைப்பேழையில், 'காரீயம் — சமைக்கலாகாது' என்று சீட்டு ஒட்டி வைத்திருக்கின்றேன். பண்புத்தொகை நடத்தும் நாளில் வெளியே எடுப்பேன். இன்று உங்களுக்குக் காட்டுவதற்காகக் கொண்டுவந்திருக்கின்றேன். இதோ, மேசைமேல் இருக்கின்றது. கூட்டம் முடிந்ததும் தூக்கிப் பார்க்க விரும்புவோர் பார்க்கலாம். பார்த்தபின் வாயிலருகே உள்ள குழாயில் கை கழுவிவிட்டு வீட்டிற்குச் செல்லுங்கள்.